படிக்காமல் எரித்த கடிதம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வீட்டில் உறைக்கிறுக்கர் என்று இன்னொரு பெயர் உண்டு. வைத்தவர் மனைவி. உள்நாட்டுப் போர்க்காலத்து ராணுவத் தபால் உறை எங்கேயோ இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கண் பவர் பார்க்க வந்தவர்களை அப்படியே உட்காரவைத்துவிட்டு, அதை வாங்கிச் சேர்க்கக் கிளம்பிவிடுவார். "ஊரெல்லாம் போர் முடிஞ்சு இருபது வருஷமாச்சு. நம்ம வீட்டுல மட்டும் இன்னும் முடியல" என்பார் மனைவி.

அவரிடம் இருந்தவற்றில் அபூர்வமானவை மலைமுகாம் உறைகள். எதிர்த்தரப்பு சூழ்ந்துகொண்ட அந்த முகாமிலிருந்து ஒரே ஒரு தடவைதான் ஹெலிகாப்டரில் தபால் வந்தது. வந்த மூட்டை ஏதோ ஒரு கிடங்கில் முடங்கிக் கிடந்து, யாருக்கும் போய்ச் சேராமல், கடைசியில் பழைய பேப்பர் கடைக்கு வந்தது. அங்கிருந்து இவர் கைக்கு. மேலே இருந்த முக்கோண முத்திரையும் முகாம் எண்ணும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. உள்ளே தாள் இருந்தால் உறை உப்பும், மசி இறங்கிக் கறை விழும். அதனால் பக்கவாட்டில் பிளேடால் கீறி, தாள்களை உருவிக் கொல்லையில் போட்டு எரித்தார். ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று மனைவியிடம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்.

நகரமன்றத்தில் நடந்த தபால்தலைக் கண்காட்சியில் அந்த உறைகளுக்கு முதல் பரிசு கிடைத்தது. மறுநாள் மதியம், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் கண்ணாடிச் சட்டத்தில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இது என் தம்பி எழுத்து. என் பேருக்குத்தான் போட்டிருக்கான். எனக்கு வரவே இல்லையே."

கடைக்காரர் சட்டத்தருகே வந்து நின்றார்.

"பட்டாளத்துக்குப் போகாதடான்னேன், கேக்கல. இனி என் மூஞ்சியில முழிக்காதன்னு சொல்லிட்டேன். போனவன் திரும்பல. கோவமா எழுதியிருந்தானா? அத மட்டும் சொல்லுங்க."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார்; வந்தது வேறு. "கோவமெல்லாம் இல்லம்மா. அக்கா நல்லா இருக்கணும்னு எழுதியிருந்தாரு. தாள் ரொம்ப நைஞ்சிருந்துச்சு, அப்புறம் பொடிஞ்சு போச்சு."

நர்ஸ் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போதுங்க. எனக்கு இது போதும்."

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "பரிசு வாங்கின மூஞ்சியா இது?" என்று மனைவி குடைந்து கேட்டபோது சொல்லிவிட்டார். மனைவி சோற்றை மூடி வைத்தார். பிறகு, "எரிச்சதாவது தெரியாம செஞ்சது. இது?" என்றார்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, அந்த உறையை எடுத்துக்கொண்டு நர்ஸ் வீட்டுக்குப் போனார். கூடத்துச் சுவரில் சீருடையில் ஒரு பையனின் படம், புதுச் சட்டத்தோடு.

"இத்தன வருஷமா பெட்டிக்குள்ள இருந்தான். உங்களாலதான் வெளிய வந்தான்" என்றபடி டீயை நீட்டினார் நர்ஸ்.

கடைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நீங்க படிக்கவே இல்ல."

"இல்லம்மா."

"இத ஏன் இங்க வந்து சொல்றீங்க?"

"மனசு கேக்கல."

"உங்க மனசு கேக்கலன்னு என் மனசக் கலைச்சுட்டீங்க." நர்ஸ் உறையை வாங்கி, கீறிய இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று கடைக்காரர் எதிர்பார்த்தார். அவரோ, "டீ ஆறுது, குடிங்க" என்றார். அந்த டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

பீரோவில் அந்த மூட்டையில் வந்த உறைகளில் இன்னும் கீறாதவை கொஞ்சம் கிடந்தன. கடை விடுமுறை நாட்களில் பஸ் ஏறி, முகவரி தேடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சில தெருக்களே இல்லை. சில வீடுகளில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். பாரம் குறையும் என்று நினைத்திருந்தார். குறையவில்லை.

சில மாதம் கழித்து நர்ஸ் கடைக்கு வந்தார், கண்ணாடி மாற்ற. இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போதுதான் நின்றார்.

"அதுல எத்தன தாள் இருந்துச்சுன்னாவது ஞாபகம் இருக்கா?"

அந்த உறையில் பிளேடு சிக்கியது அவருக்கு நினைவிருந்தது. "நாலஞ்சு இருக்கும்மா. தடிமனா இருந்துச்சு."

"கோவத்துல இருக்கறவன் அவ்ளோ எழுத மாட்டான், இல்ல?"

ஆமாம் என்ற சொல் உதடுவரை வந்தது.

"தெரியலம்மா" என்றார்.

நர்ஸ் தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.