கெட்டிமேளம் போட்ட கை

நான் யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவேன். உப்புக் குறைந்தால் மட்டும் வாயைத் திறப்பேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: அறுபதுகளில் தாராவியில் கல்யாண வீடுகளுக்கு ரிக்கார்டு போட்டவர்களில் என் மதினிக்கு நிகராக ஒருவரும் கிடையாது. இல்லை என்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சண்டை சீக்கிரம் முடியாது.

மைக் செட் என் அண்ணனுடையது. ஒரு கிராமபோன், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு மைக், தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மதினிக்கு மிஞ்சியது அந்தச் செட்டும் இரண்டு பெண் குழந்தைகளும்தான். நான் செம்பூரில் ஒரு தகரப் பட்டறையில் வேலை பார்த்தேன். அந்தச் சம்பளம் என் ஒருவன் வயிற்றுக்கே இழுபறி. முகூர்த்த நாட்களில் செட்டு வெளியே போனால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

செட்டு இருந்தால் மட்டும் போதுமா? பாட்டுப் போடத் தெரிய வேண்டும். எனக்கோ தகரம் அடித்து அடித்துப் பாதிக் காது போய்விட்டது. ஒரு பாட்டுக்கும் மறு பாட்டுக்கும் உள்ள வித்தியாசம், தட்டில் கிடக்கும் ஒரு இட்லிக்கும் மறு இட்லிக்கும் உள்ள வித்தியாசம்தான் எனக்கு. உண்மையைச் சொன்னால் அண்ணனுக்கும் பாட்டு ஞானம் கிடையாது. முந்தின நாளே உட்கார்ந்து எதற்குப் பின் எது என்று இசைத்தட்டுகளை அடுக்கிக் கொடுத்தது மதினி. அண்ணன் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்.

ஆகவே அண்ணனுக்குப் பிறகு மதினியே நேரில் வந்து போடுவதுதான் நியாயம். ஆனால் மதினி கட்டியிருந்தது வெள்ளைச் சேலை. தாலியறுத்தவள் எதிரே வந்தாலே கல்யாண வீட்டில் முகம் சுளிப்பார்கள். தாலி கட்டும்போது ஒலிக்கிற கெட்டிமேளமே அவள் கையால் என்று தெரிந்தால் எவன் எங்களைக் கூப்பிடுவான்?

அதனால் ஒரு போர்வை வாங்கினோம். பந்தலின் மூலையில் கயிறு கட்டி அதைத் தொங்கவிட்டு, உள்ளே மதினி, வெளியே நான். பொழுது விடியும்போதே மதினி வந்து உட்கார்ந்துவிடுவார்; கடைசிப் பந்தியில் எல்லாரும் இலையைப் பார்த்துக் குனிந்திருக்கும் நேரத்தில் பின்பக்கமாக எழுந்து போய்விடுவார். போர்வை எதற்கு என்று கேட்டால், “தட்டுல தூசி விழப்பிடாதுல்லா, அதுக்குத்தான்” என்பேன். வெளியே என் வேலை வயர் இழுப்பது, குழாயைத் திருப்புவது, கிட்டே வருகிறவர்களை முறைப்பது. பாராட்டு மட்டும் எனக்கு வரும். “என்னா செலக்‌ஷன் அண்ணே!” என்று கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையாட்டுவேன்.

மதினி பாட்டுப் போடுகிற விதமே தனி. முதலில் பிள்ளையார் பாட்டு, அது எல்லாரும் செய்வது. அதற்குப் பிறகு அவர் பாட்டைப் பார்க்க மாட்டார், பந்தலைத்தான் பார்ப்பார். போர்வையில் கண் வைக்க ஒரு சின்னக் கிழிசல் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தால் கலகலப்பான பாட்டு ஒன்று விழும். பந்தியில் அடுத்த வரிசைக்குச் சாம்பார் இன்னும் இறங்கவில்லை என்றால், “மெதுவான பாட்டாப் போடுவோம் தம்பி, மெதுவாத் திம்பாவ” என்பார். நம்ப மாட்டீர்கள், உண்மையிலேயே மெதுவாகத் தின்றார்கள். நான் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு பாட்டை எடுத்தால் கடைசிச் சரணம் வரை அதன் சொற்களைத் தெரிந்து வைத்திருப்பார். மெட்டுத் துள்ளும், ஆனால் மூன்றாவது சரணத்தில் பிரிவோ சாவோ வந்து நிற்கும். அப்படிப் பாட்டுகள் நிறைய. எங்கள் எதிர்ச்சந்தில் செட்டு வைத்திருந்தவர் ஒரு முறை அப்படி ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். பெண்ணுக்கு மாலை விழுகிற நேரத்தில் குழாயில் சிதை எரிந்தது. பெண்ணின் தாயார் ஓவென்று அழ, அவர் செட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடினார். மதினியும் அதே தட்டைப் போடுவார். ஆனால் இரண்டாவது சரணம் முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் ஊசியைத் தூக்கிவிடுவார்.

மாதுங்காவில் ஆபீஸ் உத்தியோகக் குடும்பத்தார் மாலை வரவேற்புக்கு எங்களைக் கூப்பிடுவார்கள். அங்கே பேச்சுக்குக் குறுக்கே வராத வீணைத் தட்டுகள். செம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு அக்கம்பக்கத்து மராட்டிக் குடும்பத்தார் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சோர் பஜார் பழஞ்சாமான் கடைகளில் தேடி ஒரு மராட்டித் தட்டு வாங்கிவரச் சொன்னார். அது ஒலித்ததும் ஓரமாக நின்றிருந்த மராட்டிப் பெண்கள் தாங்களாகவே வந்து பந்தியில் பரிமாற ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப்பக்கத்து முஸ்லிம் வீட்டு நிக்காஹ் என்றால், தொழுகை அழைப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்பே செட்டு அமைதியாகிவிடும். யாரும் வந்து நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்காது. அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் இதைக் கவனித்து என்னைக் கட்டிக்கொண்டார். நான் போர்வையைப் பார்த்தபடி நின்றேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கெட்டிமேளம். நாதஸ்வரக்காரர்களைக் கூப்பிட வசதியில்லாத வீடுகளில் தட்டில்தான் கெட்டிமேளம். ஆனால் தட்டில் முதலில் ஆலாபனை போகும், அப்புறம்தான் மேளம் கொட்டும். ஐயர் கையைத் தூக்கும்போது சரியாக மேளம் கொட்டுகிற இடத்தில் ஊசி இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு முந்தி இறங்கினால் நாதஸ்வரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே தாலி ஏறிவிடும். இறக்க நேரம் பிந்தினால் கட்டி முடித்த தாலிக்குக் கொட்டு. அந்த இடத்தில் மதினி வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார். சுற்றுகிற தட்டில் அந்தப் புள்ளியைப் பிடிப்பது ஓடுகிற லோக்கல் ரயிலில் ஏறுகிற மாதிரி. மதினி ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

இனி அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் சந்துக்குப் பக்கத்துச் சந்தில் பெண் வீடு. மாப்பிள்ளை வீட்டார் பாண்டுப்பிலிருந்து ரயிலேறி வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தகப்பனார் இல்லை. பெரியப்பாதான் முன்னின்று எல்லாம் செய்தார். செய்தார் என்பதைவிட, செய்கிறவர்களைத் திட்டினார் என்று சொல்லலாம். வாழைமரம் கோணல், காப்பி ஆறிவிட்டது, ஜமுக்காளம் பத்தவில்லை. எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா வெள்ளைச் சேலையோடு, கடைசி வரிசைக்கும் பின்னால், எங்கள் போர்வைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒரே மகன். மணவறையில் அவன் வந்து உட்காருவதை ஆட்களின் முதுகுகளுக்கு இடையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. அவரும் எழுந்து போகவில்லை. அதுதான் முறை என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று குழாயில் ஒரு தாலாட்டு வந்தது. எனக்கே அது தாலாட்டு என்று தெரிந்தது. போர்வைக்குள் தலையை விட்டேன்.

“என்ன மதினி, இது தொட்டில் கட்டுத வீடா?”

“ஒரு ஆளுக்காகப் போடுதேன். நீ பேசாம போ தம்பி.”

வெளியே திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார். கண்களை மூடிக்கொண்டு, தன் முழங்காலைக் கையால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார், குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி. பாட்டு முடிந்ததும் அவர் பார்வை எங்கள் போர்வைப் பக்கம் வந்து நின்றது. தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வினை வேறு பக்கமிருந்து வந்தது. மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன், பம்பாயிலேயே பிறந்தவன், ஹிந்திப் பாட்டு வேண்டும் என்று வந்தான். பந்திக்கு அப்புறம்தான் என்றேன். அவன் என்னை நம்பாமல் போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகக் கத்தினான்.

“அரே, பாட்டு எல்லாம் ஒரு அம்மா போடுறாங்கப்பா! ஃபர்ஸ்ட் கிளாஸ்!”

பாவம், அவன் மெச்சித்தான் சொன்னான். ஆனால் பெரியப்பா வந்து போர்வையைத் தூக்கினார். வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

“என்னலே இது? முகூர்த்த வீட்டுல தாலியறுத்தவள ஒளிச்சு வச்சிருக்கியா? இவ கையாலயா எங்க பிள்ளைக்குக் கெட்டிமேளம்? எந்திரிச்சுப் போகச் சொல்லுலே இவள. நீ போடு.”

எனக்குத் தெரியும், அன்று மதினி எழுந்து போனால் அதோடு எங்கள் தொழில் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் தாராவி முழுக்கச் செய்தி போய்விடும். அந்த இரண்டு குழந்தைகளுக்கும் சோற்றுக்கு வழி இருக்காது. அதைவிட, அவ்வளவு பேர் நடுவே அந்த மனுஷி தலைகுனிந்து நடந்து போவதை நினைத்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

“எனக்குப் போடத் தெரியாது. தெரிஞ்சாலும் போட மாட்டேன். வேணும்னா ஒம்ம வாயாலயே கெட்டிமேளம் கொட்டிக்கிடும் வே!” என்றேன்.

இது நிலைமைக்கு உதவுகிற பேச்சு இல்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். நானும் மடித்துக் கட்டினேன். அதற்குள் மதினி எழுந்துவிட்டார்.

“சண்ட வேண்டாம் தம்பி. பிள்ள மணவறையில உக்காந்திருக்கு, நல்ல நேரம் போயிரும். நான் போறேன். புது ஊசி மாத்தி வச்சிருக்கேன், நீ அந்தப் புள்ளியில வச்சாப் போதும்.”

தன்னைத் துரத்துகிறவர்களின் கல்யாணத்துக்கும் அவர் புது ஊசி போட்டு வைத்திருந்தார். அதுதான் என் மதினி.

“நில்லும்மா” என்றது ஒரு குரல். முக்காலியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்திருந்தார். கணவரின் அண்ணன் முன்னால் அவர் அதுவரை வாய் திறந்ததே இல்லை என்று அங்கிருந்தவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

“அத்தான், இவ கை ஆகாதுன்னா எங் கையும் ஆகாது. இந்தக் கைதான் அவனுக்குச் சோறு ஊட்டுனது. இன்னைக்கு விடிய அவன் தலையில எண்ண தேச்சதும் இந்தக் கைதான். அப்பம் ஏன் ஒருத்தரும் தடுக்கல?”

பெண்கள் பக்கமிருந்து எங்கள் சந்துக்காரி ஒருத்தி, கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே, “எங் கல்யாணத்துக்கும் இந்த அக்காதான் போட்டாவ. நான் என்ன கெட்டா போயிட்டேன்?” என்றாள். “எனக்குந்தான்” என்றாள் இன்னொருத்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆக, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. தூசிக் கதையை ஊர் நம்புகிறது என்று நம்பிக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

மணவறையிலிருந்து மாப்பிள்ளை திரும்பி, “பெரியப்பா, அம்மா சொல்லுதபடி நடக்கட்டும்” என்றான். ஐயர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். பெரியப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா திரும்ப முக்காலிக்குப் போகப் பார்த்தார். மதினி விடவில்லை. கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நீங்க போடுங்க” என்றார்.

“எனக்கு இதெல்லாம் தெரியாதேம்மா.”

“நான் பிடிச்சுக்கிடுதேன்.”

நான் போர்வையைக் கயிற்றிலிருந்து உருவி எடுத்தேன். முன்னால் நின்றிருந்தவர்கள் தாங்களாகவே இரண்டு பக்கமும் விலகினார்கள். மூலையிலிருந்து மணவறை வரைக்கும் நேராகத் தெரிந்தது. ஐயர் கையைத் தூக்கினார். அந்த அம்மாளின் விரல்கள் ஊசியைப் பிடித்தன. மதினியின் கை அவற்றைப் பொத்திக்கொண்டு கீழே இறக்கியது. மேளம் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். மகன் தாலி கட்டுவதை அந்த அம்மாள் கண் கொட்டாமல் பார்த்தார்.

மேளம் ஓய்ந்த பிறகும் அவர் மதினியின் கையை விடவில்லை.

“எம் மவன் கல்யாணத்துல எனக்கு ஒரு சோலியும் இருக்காதுன்னு நெனச்சுத்தாம்மா ரயிலேறுனேன்” என்றார்.