ஒரே நாடகத்துக்கு இரண்டு விமர்சனம்

என் அக்கா தன் தொழிலைச் சொன்னால் யாருக்கும் உடனே புரிவதில்லை. "நாடகம், நடனம், ஓவியக் கண்காட்சி எல்லாம் பாத்துட்டு பத்திரிகைக்கு எழுதறேன்" என்பாள். "அது சரி, வேலை என்ன?" என்பார்கள். எந்தப் பத்திரிகையிலும் அவளுக்கு நாற்காலி கிடையாது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர மூலைதான் அவள் அலுவலகம். அம்மா தட்டோடு வந்து நின்றால் கணினியை மடித்துக்கொண்டு சோபாவுக்குக் குடிபெயர்ந்துவிட வேண்டும்.

ஆரம்பத்தில் அவள் அனுப்பிய கட்டுரைகளெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. கடைசியில் அச்சேறியது, அரங்கத்தில் விளக்கு அணைந்ததும் மக்கள் எப்படி எப்படியெல்லாம் இருமுகிறார்கள் என்று விளையாட்டாக எழுதிய ஒன்று. அதைப் போட்ட தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் அன்றிலிருந்து அவளை "இருமல்காரம்மா" என்றே கூப்பிடத் தொடங்கினார். பிறகு ஓர் ஆங்கில இதழும் கேட்டது. ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு மொழியிலும் தனித்தனியாக எழுதுவாள். மொழிபெயர்ப்பது அவளுக்குப் பிடிக்காது.

ஒரு நாள் தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். ஞாயிறு இணைப்பில் வாரந்தோறும் அரைப் பக்கம், எழுதுபவரின் படத்தோடு வரப்போகிறது. அதை அக்காவுக்கே கொடுக்கலாமா என்று யோசிக்கிறார். அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. எந்தப் படம் போடுவது என்பதை அம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வீடு மாறும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகம் வந்தது. இயக்கியவர் எங்கள் பகுதிக்காரர், நீளத் தாடி. ரொட்டிக்கடையில் அம்மாவைப் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் போகமாட்டார். அக்காவின் விமர்சனங்கள் ஒரே வார இறுதியில் இரண்டு பத்திரிகையிலும் வெளியாயின. நான் இரண்டையும் படித்தேன்.

"ரெண்டும் ஒரே நாடகம்தானா?" என்றேன்.

"ஏன்டி?"

"தமிழ்ல, இரண்டாம் பாதி நிதானமா நகருதுன்னு இருக்கு. இங்கிலீஷ்ல, அந்தப் பெட்டியை மூட அவங்க எடுத்துக்கிட்ட நேரத்துல நானே மேடையேறி மூடியிருப்பேன்னு எழுதியிருக்கே."

"தமிழை அம்மா படிப்பாளே. நாளைக்கு ரொட்டிக்கடையில அவர் மூஞ்சில எப்படி முழிப்பா?"

"அவருக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

அது அக்காவுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தாடிக்காரருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இரண்டு விமர்சனத்தையும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி அரங்க வாசலில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மேலே கொட்டை எழுத்தில், "இரண்டும் ஒருவரே எழுதியது. எது நிஜம்? உள்ளே வந்து பாருங்கள்!" கூட்டம் சிரித்துச் சிரித்துப் படம் எடுத்தது. டிக்கெட்டும் விற்றது. ஆசிரியர் ஃபோன் செய்து, "நேர்ல வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அரைப் பக்கம் கைநழுவிவிட்டது என்றே அக்கா நினைத்தாள். போகும் வழியெல்லாம் ஒரு சமாதானம் தயார் செய்தாள்: ஆங்கில வாசகர்கள் வேறு, தமிழ் வாசகர்கள் வேறு, இப்படி ஏதோ.

"இருமல்காரம்மா, இதுல எது உங்க விமர்சனம்?" என்று ஆசிரியர் கேட்டதும் சமாதானம் மறந்துபோயிற்று.

"இங்கிலீஷ்ல எழுதினது சார்."

"அப்ப எனக்கு அனுப்பினது?"

"அது எங்கம்மா ரொட்டி வாங்கற கடைக்காக எழுதினது."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "உங்கம்மாவும் என் வாசகிதானே? அவங்களையும் இல்ல ஏமாத்தியிருக்கீங்க! மறுபடி போய்ப் பாருங்க. தமிழ்ல உள்ளதை எழுதுங்க. அப்புறம் அரைப் பக்கத்தைப் பத்திப் பேசுவோம்."

இந்த முறை அம்மாவும் கிளம்பினாள். "வாசல்ல உன் பேரு எவ்வளவு பெரிசா இருக்குன்னு பாக்கணும்" என்றாள். நாங்கள் மூவரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். முதல் பாதியில் அம்மா இரண்டு முறை கண் துடைத்தாள். இரண்டாம் பாதியில் பெட்டி வந்தது. ஒருவர் துணியை வைத்தார், இன்னொருவர் எடுத்தார், மூன்றாமவர் பெருமூச்சு விட்டார். அரங்கமே அமைதியாக இருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது:

"ஏன்டி, இவங்க வீடு மாறுறதுக்குள்ள நாம வீட்டுக்குப் போயிடலாமா?"

எங்கள் வரிசை முழுதும் குலுங்கியது. மேடையில் பெருமூச்சு விட்டவர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா இருட்டில் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்காகவா இத்தனை நாள் வார்த்தையைப் பஞ்சில் சுற்றிச் சுற்றி எழுதினோம் என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

புதிய விமர்சனம் அம்மாவின் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. முதல் பாதியை அக்கா மனம்விட்டுப் பாராட்டியிருந்தாள், பெட்டியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கத்தில் அவள் படத்தோடு வந்தது. அம்மா தேர்ந்தெடுத்த படம் இல்லை. அதற்காக அம்மா ஆசிரியர் மேல் இன்னும் கோபமாக இருக்கிறாள்.

தாடிக்காரர் ரொட்டிக்கடையில் வழக்கம்போல வணக்கம் சொன்னாராம். "பெட்டியை இப்ப சட்டுனு மூடிடறோம்மா, ஒருதடவை வந்து பாருங்க" என்றாராம்.

"பாக்கறேன். ஆனா நல்லா இல்லேன்னா பொண்ணுகிட்ட சொல்லிடுவேன்" என்றாளாம் அம்மா.

அன்று மத்தியானம் தட்டோடு வந்தவள், எழுதிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்துவிட்டுத் தானே சோபாவுக்குப் போனாள். "நீ எழுது. ஆனா சீக்கிரம் முடி, இங்க முதுகு வலிக்குது."