எறும்பு வீட்டு மாப்பிள்ளை

நெல்லிவாசல் போகும் வழியில் ஷேர் ஜீப் பஞ்சரானது. ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜாக்கி வைக்கக் குனிந்தார். ஓட்டுநருக்கு முப்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவரோ பாதையோரக் கல் ஒன்றைப் புரட்டிவிட்டு அதன் முன்னால் குந்திக்கொண்டார். வண்டி எங்கே நின்றாலும் அவர் இப்படித்தானாம். பக்கத்து இருக்கைப் பெண்மணி சொன்னார்.

எட்டிப் பார்த்தேன். கல்லுக்கடியில் எறும்புக் கூடு. நடுவே தட்டை மீசை வைத்த பழுப்பு வண்டு ஒன்று எறும்பின் புழுவைத் தின்றுகொண்டிருந்தது. எறும்புகளோ அதன் முதுகை நக்கிக்கொண்டிருந்தன.

“குட்டியத் தின்னுது, இதுங்க கொஞ்சுதுங்களே?” என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“அது வூட்டோட மாப்ளைங்க. ஒரு வேல செய்யாது. மேல இன்னாமோ இனிப்பா ஊறுது, அத நக்கிட்டு எறும்பு மயங்கிப் பூடுது.”

“தொரத்தாதா?”

“இன்னாத்துக்குத் தொரத்தும்? வூட்டாளு வாசன வந்துட்ச்சே!”

பெருமையாகச் சொல்லிவிட்டு, கல்லை அலுங்காமல் பழையபடி வைத்தார்.

பெரியவர் கரிக்கையைத் துடைத்தபடி கூப்பிட்டார்: “டயர் மாட்டியாச்சு மாப்ள, வந்து வண்டிய எடுங்க.”

“எங்க மாமனாருங்க” என்று என்னிடம் சிரித்தார் ஓட்டுநர். அந்தச் சிரிப்பும் இனிப்பாகத்தான் இருந்தது.