பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

என் எழுத்து கோழிக் கிறுக்கல். பிழையும் அதிகம். வாராவாரம் இந்தப் பத்தியைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

என் மகள் எஸ்தர் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளும் ஆபீஸ் சிநேகிதர்கள் ஆறு பேரும் ஃபிஜி தீவுகளுக்குப் போக பிளான் போட்டார்கள். கப்பலில் இல்லை... பாய்மரப் படகில். கேப்டனோடு பத்து நாள் வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகச் சுற்றுவது. கேப்டனுக்குப் போக, படகில் படுக்கை எட்டு. ஆள் ஏழு.

"எட்டாவது நீதான் நைனா" என்றாள்.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் தோட்டவேலை எனக்கு. தினமும் கடலைப் பார்க்கிறேன் – கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மனைவியைப் பார்த்தேன். "எனக்கு கட்டாந்தரயே போதும். நீ போய்ட்டு வா" என்று கழன்றுகொண்டாள்.

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தோம். ஒரு திங்கட்கிழமை தபால்காரர் முருகேசன் கொண்டுவந்தார். அவருடைய போனில் விரலால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வீட்டில் யாரும் இல்லை. பிரித்தேன். கடைசிப் பக்கத்தில் ஓர் ஆங்கில வரி.

விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கடைக்காரர் முன்பே சொல்லியிருந்தார் – பத்தாவது பாஸ் பண்ணாதவர்களுக்கு, குடியேற்றச் சோதனை தேவை என்று அப்படி ஒரு வரி அடிப்பார்கள், வெளிநாட்டு வேலைக்குப் போனால்தான் சிக்கல், டூருக்கு ஒன்றுமில்லை என்று.

ஒன்றுமில்லையா? எட்டுப் பேர் பாஸ்போர்ட்டையும் முழுசாகப் படம் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எட்டும் சேராவிட்டால் படகு வேறு ஆளுக்குப் போய்விடும். அவர்கள் எல்லோரும் என்ஜினீயர்கள். நான் அஞ்சாவது. என் மகளுக்குத் தலைகுனிவு இல்லையா?

பீரோவில் பழைய வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை எஸ்தர் லீவு போட்டு என்னைத் தபால் ஆபீசுக்கு இழுத்துப் போனாள். "டெலிவர்டுன்னு காட்டுது. எங்க நைனா வாங்கலன்றாரு. யாருகிட்ட குடுத்தீங்க?"

முருகேசன் போனை என் பக்கம் திருப்பினார். "இது உன் கையெழுத்துதான அண்ணாத்த?"

"இல்லை" என்றேன்.

எப்படிச் சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "பாஸ்போர்ட்ட வித்துட்டான் போல" என்றார் ஒருவர். எஸ்தர் புகார் எழுதப் பேப்பர் கேட்டாள். "விசாரணை வந்தா அவர் வேலைக்கே சிக்கல்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். அவள் கேட்கவில்லை.

முருகேசன் என்னைத் திட்டவில்லை. தன் பேனாவையே அவளிடம் நீட்டினார்.

"எழுதும்மா. எம் பொண்ணுகூட எனக்காக இப்டித்தான் சண்ட போடும்."

அவள் ரெண்டு வரி எழுதியிருப்பாள்.

"எழுதாத. பீரோல கீது" என்றேன்.

அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "வுடு, எனக்கு நேரமாவுது" என்று கையை உருவிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியில் திரும்பும்போது எஸ்தரிடம் கடைசிப் பக்க வரியைப் பற்றிச் சொன்னேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் கேட்டாள். "எங்க நைனா அஞ்சாவதுன்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும். நான்தான் சொன்னேன். நீ இன்னாத்துக்கு மறச்சிகினு கீற?"

நான் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தோடு சேர்த்துப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டாள். ஒரே ஒரு பதில் வந்தது. படகில் சமைக்க லிஸ்ட் கொடுக்க வேண்டுமாம் – அங்கிள் மீன் சாப்பிடுவாரா?

நான் பயந்த வரியை ஒருவரும் கவனிக்கவில்லை. நான் சொன்ன பொய்யை மட்டும் ஒரு வரிசையே நின்று கேட்டது.

படகு கிடைத்துவிட்டது. முருகேசன்தான்... இப்போதெல்லாம் எங்கள் வீட்டுத் தபாலை, நான் வாசலில் நின்றாலும், உள்ளே குரல் கொடுத்து என் மனைவியிடம்தான் கொடுக்கிறார்.

மூன்று வாரம் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்த நாள்: ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை.