உமி மூட்டையில் விழுந்த குத்து

உமி திணித்த கோணிப்பையில் குத்து விழும்போது "பொதுக்"கென்று ஒரு சத்தம் எழும். கூடவே தையல் இடுக்குகளிலிருந்து கிளம்பும் தூசி மூக்கில் ஏறி, சுற்றி நிற்கும் எங்களுக்கெல்லாம் தும்மல் வரும். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், பாகூரில் எங்கள் கரும்பாலைக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தில் அந்த மூட்டையைத் தொங்கவிட்டவர், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்து திரும்பி வந்த "சொல்தா" மாமா. அங்கே குத்துச்சண்டை பழகியவர். நன்றாகக் குத்துகிறவனைப் பட்டாளத்துக்குச் சிபாரிசு செய்வதாக அவர் சொல்லியிருந்தார். பட்டாளத்துக்குப் போவதைத் தவிர வேறு ஆசை இல்லாத என் அண்ணன் முருகேசன், அந்தத் தை மாதம் முழுவதும் அந்த மூட்டையே கதியென்று கிடந்தான்.

மாமா எல்லோரையும் வெல்லம் நிறுக்கும் தராசில் ஏற்றினார். அண்ணன் ஐம்பத்திரண்டு கிலோ. ஆலையில் மூட்டை தூக்கும் ஆறுமுகம் எழுபத்தெட்டு. அவனோடுதான் மோதுவேன் என்று அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"ஜோடி சேராதுபா. இவன் குத்துல வேகம் இருக்குது. அவன் குத்துல ஒடம்பே வந்து வுழும்" என்று மாமா மறுத்தார்.

"உன்ன குத்திட்டு நானே தூக்கினு போயி ஒங்க வூட்ல வுடணும்டா" என்று ஆறுமுகம் சிரித்தான். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

நாலு பேர் நடுவில் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன். "ரெண்டு பேரு குத்துக்கும் மூட்ட ஒரே தூரந்தான் போவுது. கோடு போட்டு வச்சிருக்கேன்" என்றேன். தினமும் தரையில் கரியால் கோடிழுத்து அளந்திருந்தேன். மாமா குனிந்து பார்த்தார். "சரி, நில்லுங்க" என்றார்.

உமிக்குக் கனமில்லை, வேகமான கை பட்டாலே ஆடிவிடும் என்பதும், நெல் மூட்டையைக் கட்டியிருந்தால் அண்ணன் குத்துக்கு அது அசைந்தே இருக்காது என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.

அண்ணன் நாலைந்து குத்து விட்டான். ஆறுமுகம் நின்ற இடத்திலேயே நின்றான். பிறகு அவனுடைய இடது கை ஒரே ஒரு முறை அண்ணனின் வலது காதோரம் விழுந்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. பட்டாளத்து வைத்தியர் காதருகே கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, அண்ணனைத் திருப்பி அனுப்பினார். அண்ணன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று ஆலை இல்லை, பிரெஞ்சுக்காரர்கள் இல்லை. போன ஐப்பசியில் அண்ணனும் போய்விட்டான். நான் மன்னிப்புக் கேட்காமல் இல்லை. ஏரிக்கரையில் சேர்ந்து நடந்த சாயங்காலங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அவனுக்கு வலப்பக்கமாக நடந்துகொண்டு.