பட்டுப்பாவாடையில் ஒரு சுற்று

நாளை மகளின் வகுப்பை ஓட்டத்துக்காக ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். கடைசியாகத்தான் வருவேன், ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். அவள் காலில் போட்டு ஓடும் சப்பாத்தைத் தேடி அலுமாரியைக் கிளறியபோது என் சின்ன வயதுப் பட்டுப்பாவாடை கையில் வந்தது. கரையில் கிழிசலும் சிவப்புக் கறையும் அப்படியே இருந்தன.

அப்போது எனக்கு எட்டு வயது. ஊரை விட்டு, வெளிநாட்டில் டூங்கபி என்ற இடத்துக்கு வந்த புதிது. ஸ்டேடியத்துக்குச் சீருடை வேண்டாம் என்று பள்ளிக்கூடக் கடிதம் சொன்னது. ஊரில் பள்ளிச் சுற்றுலா என்றால் இருப்பதிலேயே நல்ல உடுப்புத்தான். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு அனுப்பினார்.

அங்கே மற்றப் பிள்ளைகள் அரைக்காற்சட்டையில் நின்றார்கள். எல்லோரும் ஒரு சுற்று ஓட வேண்டும். ரீச்சர் என்னை மட்டும் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். அந்தக் கதிரையைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். பாதி வழியில் அது அவிழ்ந்து காலில் தடக்க, ஓட்டப் பாதையின் சிவப்புத் தரையில் விழுந்தேன். எழும்பி ஓடினேன். கடைசிதான்.

வீட்டில் அம்மா கிழிசலைத் தடவிப் பார்த்தார். அடி நிச்சயம் என்று நின்றேன்.

"முழுக்க ஓடினியோ?"

"ஓம்."

"அப்ப பரவாயில்லை."

கதையைச் சொல்லி மகளிடம் பாவாடையைக் கொடுத்தேன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்குள் தலையை நுழைத்து, சப்பாத்தைத் தானே தேடத் தொடங்கினாள்.