இரண்டு மானிடவியலும் ஒரு நிச்சயத் தட்டும்

திருப்பதியில் நான் பணியாற்றிய துறையில், நடைபாதையின் ஒரு பக்கம் உடல்சார் மானிடவியல். எதிர்ப்பக்கம் பண்பாட்டு மானிடவியல். என் அறையில் மண்டையோடுகளும் ரத்த மாதிரிகளும் இருந்தன. எதிரறைப் பேராசிரியை ஊர் ஊராகச் சென்று சடங்குகளையும் உறவுமுறைகளையும் கேட்டு வருவார். "சாருக்கு எலும்பு, மேடத்துக்கு வம்பு" என்று மாணவர்கள் கேலி பேசுவது காதில் விழும். நான் சிரித்ததில்லை.

அக்காள் மகளை மணக்கும் பழக்கமே எங்கள் இருவருக்குமான தீராத வழக்கு. நெருங்கிய ரத்த உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை வகுப்பிலும் மேடையிலும் நான் சொல்லாத ஆண்டில்லை. அவர் அதை மறுத்ததில்லை. "ரத்தம் மட்டுமே உறவைத் தீர்மானிக்கிறதில்லை சார்" என்பார். அது அறிவியல் ஆகாது என்று ஒதுக்கிவிடுவேன்.

சென்ற ஆண்டு நகரியிலிருந்து என் அக்காள் வந்தாள். தன் இளைய மகனுக்குத் தன் மூத்த மகளின் பெண்ணையே பேசி முடித்திருந்தாள்.

"வேணாம்க்கா. பரிசோதனையாவது செஞ்சு பாருங்க."

"நீ மண்டையோட்டை அளந்துக்கினு இரு. பொண்ணு ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்க்கினு கீறா, சின்னக் கொயந்தையா? மாமனைத்தான் கட்டுவேன்னு அவளே சொல்றா. உனக்கு இன்னா?"

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் நிச்சயத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். அக்காளுடன் பிறந்தவன் நான் ஒருவனே. நான் தொடாவிட்டால் காரியம் நின்றுவிடும் என்று கணக்கிட்டேன். நிச்சயத்தன்று திருச்சானூர் மண்டபத்தில் என் பழைய மாணவர்கள் சிலரும் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையில் என் கை அந்தத் தட்டில் படுவதாக இல்லை. அழைத்தபோது, "நான் எடுக்கமாட்டேன்" என்றேன்.

மேளம் நின்றது. அக்காள் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மாமனுக்கா பஞ்சம்? டேய், நீ வாடா" என்று எங்கள் சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள். அவனும் அவள் பிள்ளைகளுக்கு மாமன்தான். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மேளம் மறுபடி தொடங்கியது.

குடும்ப நட்பின் பேரில் வந்திருந்த எதிரறைப் பேராசிரியை எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். உறவை ரத்தம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்ற இந்த ஓர் உண்மையைத்தான் அவர் பணிக்காலம் முழுவதும் எனக்குச் சொல்லிவந்தார். ஆயினும் அவர் முகத்தில் வெற்றி தெரியவில்லை.

"பயமா இருக்கா சார்?"

"இருக்கு."

"எனக்கும்தான்" என்றார்.

தட்டு மாறியதும் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து என் காலில் விழுந்தார்கள்.

"நல்லா இருங்க" என்றேன்.

பின்னாலிருந்து அக்காள் சொன்னாள்: "பிள்ளை குட்டியோட நல்லா இருங்கன்னு சொல்லு தம்பி. முழுசா சொல்லு."

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லும் வாழ்த்துதான் அது. மாப்பிள்ளை எழுந்துவிட்டான். அந்தப் பெண் மட்டும் குனிந்தபடியே காத்திருந்தாள்.